அப்பாவின் கார், சிறிய அளவில்

என் தங்கை ஒதிலுக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். திட்டிக்கொண்டாவது படித்து முடித்துவிடு.

பழைய சிட்ரோயன் டிஎஸ் காரைச் சிறிய அளவில் நாமே ஒட்டிச் செய்யும் மாடல் கிட் ஒன்று புதிதாக அடுத்த மாதம் வருகிறது. "நாலு கதவும் திறக்குமாம் மெஸ்யே, முதல் பெட்டி உங்களுக்குத்தான்!" என்றார் லியோன் கடைக்காரர். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லக் கூசுகிறது. மாடல் செய்யும் மேசைக்கு இடம் வேண்டுமென்றுதானே, கொட்டகையில் நின்ற அப்பாவின் நிஜ டிஎஸ்ஸை உன்னைக் கேட்காமல் விற்றேன்.

அதே சாம்பல் நிறத்தைக் கலந்து வைத்துவிட்டேன். நீ ஓட்டப் பழகியபோது வாசல் தூணில் இடித்து நசுக்கிய கதவையும் அப்படியே செய்யப்போகிறேன். "விடுடா, அது என் மக போட்ட கையெழுத்து" என்று அப்பா கடைசிவரை சரிசெய்ய விடவில்லையே, அந்தக் கதவு.

அது எந்தப் பக்கம், ஒதில்? எனக்கு நினைவில்லை.

உன் அண்ணன்