சேலைக்குள் கேஸ் அடுப்பு

சென்னை,
புதன்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு இலக்கியா எழுதுவது. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் மழுப்புகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

குடுமியான்மலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு நம் வீட்டில் சாப்பிட்ட சுற்றுலாக்காரர்களின் படங்களை எங்கள் சுற்றுலா கம்பெனி ஆபீசில் பெரிய திரையில் போட்டார்கள். உள்ளூர் மக்களை வாழவைக்கும் சுற்றுலா என்று கைதட்டினார்கள். படத்தில் நீ விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாய். மூலையில் கேஸ் அடுப்பை நீலச் சேலையால் மூடியிருந்தாய். டியூப் மட்டும் வெளியே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் புகைப்பக்கமே போகக் கூடாது என்றாரே, அம்மா கேஸில் சமைக்கட்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். "பொகை இல்லாம என்னங்க கிராமம்? வெறகடுப்புச் சாப்பாடுன்னு வெளம்பரத்துல எழுதுனதே நீங்கதானே" என்றார். ஆமாம், நான்தான். நம் வீட்டைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். நாம் இல்லாதவர்களாக நடித்தால்தான் இவர்களுக்கு உதவி செய்த திருப்தி வருகிறது.

"ஒரு நாப் பொகைக்குச் செத்தா போயிருவேன்? ஒனக்கு வேலை நிக்கணும்ல, ஆத்தா" என்று நேற்று போனில் சொன்னாய்.

ஜன்னலையாவது திறந்து வை. இன்ஹேலர் தீர்வதற்குள் சொல். இங்கே ஏசி குளிர்கிறது, போர்த்திக்கொள்ள அந்த நீலச் சேலையை அனுப்பு. வேறு சேலையை எடுத்து அடுப்பை மூடிவிடுவாய், தெரியும்.

சனிக்கிழமை நம் வீட்டுக்குச் சாப்பிடப் பதினாறு பேர் வருகிறார்கள். மேனேஜர் கூப்பிடுகிறார், அவர்கள் பெயர்ப் பட்டியலை நான்தான் டைப் செய்ய வேண்டும்.

உன் மகள்
இலக்கியா