கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

பிப்ரவரி 9

கட்டெறும்பே, நீ போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். உன்னைவிடப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாய் என்று நான் வைத்த பேர். ஆள் முன்னால் "ஏங்க", தனியாக இருந்தால் "கட்டெறும்பே". இப்போது கூப்பிட ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன், நீ வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த நோட்டில். அஞ்சு வரைக்கும் படித்தவள் எழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும். சிரிக்காதே.

நீ வேலை பார்த்த கம்பெனியிலேயே எனக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கல் கழுவுவது. குழாய் உருண்டு உன் மேல் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் கொட்டகைக்குப் போக வேண்டுமாம்.

பிப்ரவரி 10

அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன்.

பிப்ரவரி 14

வேலை பிடிபட்டுவிட்டது. தரையில் துளை போட்டு, மெழுகுவத்தி மாதிரி நீளநீளமாகக் கல்லை வெளியே எடுக்கிறார்கள். எந்தத் துளை, எத்தனை ஆழம் என்று எழுதிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கே சுரங்கம் தோண்டலாம் என்று முடிவு செய்வார்களாம். கழுவின பிறகு, உடைந்த முனையோடு உடைந்த முனையைச் சேர்த்து வைக்க வேண்டும். சரியான ஜோடி சேர்ந்தால் மயிரிழை தெரியாது. "கல்லுக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டுடி" என்பாயே, இதுதானா?

கல்லை ஆராயும் அதிகாரியை இங்கே எல்லோரும் கல்லு சார் என்கிறார்கள். "உங்க வீட்டுக்காரர் பொருத்தினா பசை போட்ட மாதிரி இருக்கும்மா" என்றார். நான் அடுத்த கல்லை வாளியில் முக்கினேன்.

பிப்ரவரி 20

பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள், பழைய பெட்டிகளையும் மறுபடி கழுவு என்றார்கள். இன்று பன்னிரண்டாம் துளை. குன்றின் மேல் போட்டது. மங்கல் கல்லாகவே வந்து, திடீரென்று மஞ்சளாகப் பளபளக்கும் கல், ஒரு பெட்டி நிறைய. செம்பு இருக்கிற கல்லாம். மங்கல் முடிந்து பளபளப்பு தொடங்கும் இடத்தில் முனைகள் சேரவே இல்லை. பளபளப்புக் கல்லின் முனையில் ஒரு சின்னப் பள்ளம். இந்தப் பள்ளத்துக்குள் போகிற பல்லை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே?

பிப்ரவரி 21

துணிச் சோப்பை அந்தப் பள்ளத்தில் அழுத்தி எடுத்து, முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நம் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தினமும் என் கால்விரலை இடிக்கும் அதே பல். நம் தெருவுக்குப் பின்னால் துளை போட்ட சமயத்தில் நீ கொண்டுவந்து போட்ட மங்கல் கல்.

நம்ம தெருவுக்குப் பின்னால போட்ட பதினேழாம் துளையில ஒண்ணுமே இல்லன்னு தெருவே சிரிச்சுதே. நீ மட்டும் சிரிக்கல. "நம்ம வீட்டை எவனும் தொட மாட்டான், நான் பாத்துக்கிட்டேன்"னு சொன்ன. வாய்ச்சவடால்னு நெனச்சேன். மாத்தி வச்சிட்டியா? பதினேழுல வந்த செம்புக் கல்லைப் பன்னிரண்டாம் பெட்டியில, பன்னிரண்டுல வந்த வெறுங்கல்லைப் பதினேழாம் பெட்டியில? மிஞ்சின துண்டுதான் என் கதவுல நிக்குதா?

அடப்பாவி.

பிப்ரவரி 26

கல்லு சார் வீட்டுக்கே வந்துவிட்டார், உன் ஹெல்மெட்டைக் கொடுக்க. வாசற்படியில் நின்றார். கல் அவர் பூட்ஸை ஒட்டி. கையிலிருந்த ஈரத்துணியைத் தவறவிட்டது போல அதன் மேல் போட்டேன்.

"என்னம்மா, கை இப்படி நடுங்குது?"

பக்கத்து வீட்டு வாசலிலிருந்து உன் தங்கை குரல் கொடுத்தாள். "பெரிய மனுஷங்களைப் பாத்தா அண்ணிக்கு நடுங்கும் சார். என்கிட்ட சண்டைக்கு வரும்போது மட்டும் நடுங்காது."

அவர் சிரித்துவிட்டார். அவள் வாயால் எனக்கு ஒரு நல்லது நடந்தது இதுதான் முதல் தடவை. கிளம்பும்போது சொன்னார்: "உங்க தெருவுக்குப் பயமில்லம்மா. பன்னிரண்டாம் துளைதான் நல்லா வந்திருக்கு. குன்றைத்தான் தோண்டப் போறோம்."

குன்று. உன்னைப் புதைத்திருப்பது அங்கேதானே.

பிப்ரவரி 27

இன்று குன்றுப் பக்கம் திரும்பாமலே கல் கழுவினேன்.

மார்ச் 2

சொன்னால் தெரு போய்விடும். நாற்பது வீடு. செத்தவனைத் திருடன் என்பார்கள். சொல்லாவிட்டால் உன்னைத் தோண்டுவார்கள். தோண்டினபிறகு அங்கே வெறும் கல்தான் என்று தெரியாமலா போகும்? மறுபடி பெட்டியைத் திறப்பார்கள். கழுவினவள் யார் என்பார்கள். துளை போடும் இயந்திரத்தின் சத்தம் நின்றால்கூட என்னைத்தான் தேடி வருகிறார்களோ என்று வாசலை எட்டிப் பார்க்கிறேன்.

உன் தங்கையிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "தெருவைக் காலி பண்ணச் சொன்னா எங்கடி போவே?"

"உன் தலையில ஏறி உக்காருவேன், நானும் என் ரெண்டு பிள்ளைங்களும்" என்றாள். பிறகு துணி பிழிவதை நிறுத்திவிட்டாள். "விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதே அண்ணி."

மார்ச் 4

பள்ளம் இருந்த முனையைச் சுத்தியலால் ஒரே தட்டு. தூளைத் தண்ணீரோடு கொட்டிவிட்டேன். நீ செய்தது பாதி. மீதியை நான் செய்தேன்.

மார்ச் 9

"பன்னிரண்டாம் பெட்டியில ஒரு இடம் சேரலையேம்மா?" என்று கேட்டார் கல்லு சார்.

"நான்தான் கை தவறிக் கீழ போட்டுட்டேன் சார். முனை செதறிப்போச்சு."

என்னைத்தான் பார்த்தார். அந்தக் கல்லைப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் ஒரு கல்லைக்கூடக் கீழ போட்டதில்ல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மார்ச் 16

கதவுக் கல்லைப் பாழுங்கிணற்றில் போட்டேன். இப்போது காற்றுக்குக் கதவு படார் படார் என்று அடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடுகிறது.

குன்றில் புதைத்தவர்களை எடுத்து வேறு இடத்தில் புதைக்கச் சம்மதம் என்று வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். உன் தங்கை அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டுவிட்டேன். எந்த இடம் என்று எழுதவேண்டிய கோடு மட்டும் காலியாக இருக்கிறது. நாளைக்குள் சொல்ல வேண்டும்.

மண்ணுக்குக் கீழே எங்கே எந்தக் கல் கிடக்கிறது என்று உனக்குத்தானே தெரியும். எவனும் தோண்ட வராத இடம் எது, கட்டெறும்பே?