மூணாம் மெஷின் மூடி

ஆகஸ்ட் 19, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. வீடு இருக்கிற காஜா பேராங்கில் சாக்கடை பொங்கி வாசல் வரைக்கும் கறுப்புத் தண்ணி. செருப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு கார் வரை நடை. சீ.

கம்பெனி இருக்கிற புக்கிட் ரம்பாய் போய்ச் சேர நாப்பது நிமிஷம். உள்ளே நுழைஞ்சதும் அந்தப் புளிச்ச வாடை. தோசை மாவு பாக்கெட் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு, மூக்கு இன்னும் பழகல. என் வீட்டில் தோசையே சுடறதில்லை.

இன்னிக்கு வேலை: பைதான் ஹேண்ட்லர்களை, மெஷின்களைக் கவனிக்கிற சின்னச் சின்ன ஃபங்ஷன்களை, சுத்தம் பண்றது. எனக்கு முன்னாடி இருந்தவன் எழுதி வச்ச குப்பை. ஏதாவது மாவு மெஷின் மூடி திறந்தா சென்சார் சொல்லும், சாஃப்ட்வேர் உடனே அதுக்குரிய ஃபங்ஷனைக் கூப்பிடும், கூப்பிடும்போது நாலு விவரம் கொடுக்கும்: எந்த மெஷின், எந்த சென்சார், முன்னே என்ன நிலை, இப்போ என்ன நிலை. பழைய வெர்ஷனில் வேணுமோ வேணாமோ நாலையும் வாங்கியே ஆகணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஆரம்பத்திலேயே எர்ரர். புது வெர்ஷனில் அந்தத் தொல்லை இல்லை. ஃபங்ஷன் எதைக் கேட்குதோ அதை மட்டும் கொடுக்கும். ஒண்ணும் கேட்கலைன்னா ஒண்ணும் கொடுக்காது. வெறும் அடைப்புக்குறி போதும்.

23 ஃபங்ஷன். மத்தியானத்துக்குள்ள முடிச்சாச்சு. டெஸ்ட்: ஒண்ணாம் மெஷின், மெ.1, மூடியைத் திறந்தேன், நின்னுச்சு. சரி.

பாஸ் எட்டிப் பார்த்து, "இப்பதான் பார்க்க அழகா இருக்கு"ன்னாரு. அவருக்கு ஒரு வரி புரியாது. ஆனாலும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

வாங்க: சோப்புத்தூள், வெங்காயம், கரப்பான் மருந்து.

ஆகஸ்ட் 21, புதன்

தொட்டி கழுவற சிவகாமி அக்கா கை.

மெ.3-ல தண்ணி விட்டு ஓட்டிக் கழுவற நேரம், பத்தரை இருக்கும். மூடியைத் திறந்து கையை விட்டிருக்காங்க. மெஷின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. வலது கை, நடுவிரலும் மோதிர விரலும். நான் ஓடினப்போ யாரோ துண்டால் சுத்தியாச்சு. மாவு சிவப்பா இருந்துச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலம் ஃபோன். ரெண்டு விரலும் பாதிக்கு மேல இல்லை.

சூப்பர்வைசர் தொட்டியைக் கழுவச் சொல்லி நாலு மணிக்கெல்லாம் மெ.3-ஐ ஓட விட்டுட்டாரு. ஆர்டர் இருக்காம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

வெயில். காலையில் முதல் வேலையா, எந்த மெஷின் எப்போ என்ன செஞ்சதுன்னு பதிவாகிற லாக் பார்த்தேன்.

10.32 மெ.3 மூடி திறப்பு. 10.32 நிறுத்து. சரியாத்தானே இருக்குன்னு நினைச்சேன். அப்புறம்தான் எது நின்னுச்சுன்னு பார்த்தேன். மெ.1.

திங்கக்கிழமை நான் என்ன பண்ணினேன்னு ஞாபகம் இருக்கு. மூடி ஃபங்ஷனில் நாலு விவரத்தையும் எடுத்துப் போட்டதும் உள்ளே 'நிறுத்து'ன்னு கூப்பிடற வரியில் 'மெஷின்'ங்கிற இடத்தில் எர்ரர்னு சிவப்புக் கோடு விழுந்துச்சு. அதையும் அழிச்சேன். சிவப்பு போயிடுச்சு. நம்பர் சொல்லலைன்னா ஒண்ணாம் நம்பரை நிறுத்தணும்னு அந்த 'நிறுத்து' ஃபங்ஷனில் எழுதியிருந்துச்சு, ஒரே ஒரு மெஷின் இருந்த காலத்திலே எழுதினது. நான் அதைப் படிக்கவே இல்லை. டெஸ்ட் பண்ணினதும் ஒண்ணாம் நம்பரைத்தான்.

மூடியில் முன்னே, திறந்தா கரண்டையே நிறுத்தற ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் இருந்துச்சு. துருப்பிடிச்சதும் கழட்டிட்டாங்க. சாஃப்ட்வேர்தான் இருக்கேன்னு.

யாரும் பக்கத்தில் இல்லை. 'மெஷின்'னு ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பச் சேர்த்தேன். என்ன மாத்தினேன்ங்கிற குறிப்பில் "சின்னத் திருத்தம்"னு போட்டேன். என் கையை நானே பார்க்கப் பிடிக்கல.



ஆகஸ்ட் 23, வெள்ளி

பாஸ் ஒரு விபத்து ஃபாரம் கொடுத்து, சாட்சி நீதான்னாரு. மூணே கட்டம். வேலையாளின் பெயர். வேலையாள் என்ன செய்தார். வேலையாளுக்குப் பயிற்சி தரப்பட்டதா.

மெஷினைப் பத்திக் கட்டமே இல்லை. சாஃப்ட்வேர் பத்தி இல்லவே இல்லை.

"வேற ஏதாவது எழுதணுமா?"ன்னு கேட்டேன். எதுக்குக் கேட்டேனோ.

பாஸ்: "கேட்டதை மட்டும் எழுதும்மா. கேட்காததை எழுதி ஏன் தலைவலி?"

எழுதினேன். மூடியைத் திறந்து கையை விட்டார். ஆம், பயிற்சி தரப்பட்டது. கையெழுத்து. ஒரு எழுத்து பொய் இல்லை. அதான் அசிங்கம்.

வரும்போது ஜாலான் பெண்டஹாராவில் மூக்குப்பொடி கலர் சேலை ஒண்ணு பார்த்தேன். வாங்கல. சேலை பார்க்கிற மூஞ்சியைப் பாரு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

புழுக்கம். விபத்தை விசாரிக்க அரசாங்க அதிகாரி வந்தாரு. நல்ல மனுஷன், வியர்வை வழிய வழிய நாலு மெஷினையும் சுத்திப் பார்த்தாரு. என்கிட்ட ரெண்டு கேள்வி. சென்சார் வேலை செய்யுதா? செய்யுது. மூடியைத் திறந்தா மெஷின் நிக்குதா? நிக்குது, பாருங்கன்னு மெ.3-ஐயே திறந்து காட்டினேன். டக்குன்னு நின்னுச்சு.

அன்னிக்கு நின்னுச்சான்னு அவர் கேட்கல.

அவர் போனதும் சூப்பர்வைசர் சாப்பாட்டு ரூமில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அந்தம்மாவுக்கு எப்பவும் வாய்தான், வேலையில் கண்ணு இல்லை லா"ன்னாரு. பன்னெண்டு வருஷம் அந்தத் தொட்டிகளைக் கழுவினவங்க. ரெண்டு பேர் சிரிச்சாங்க. நான் டீயைக் கலக்கிக்கிட்டே இருந்தேன்.

மாசக் கடைசியோட அக்காவை நிறுத்தறாங்களாம். காரணம்: அஜாக்கிரதை.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா, சுதந்திர தினம். தெரு முழுக்கக் கொடி, எதிர் வீட்டுக் காரில் மட்டும் அஞ்சு.

புக்கிட் பாரு போனேன், அக்கா வீட்டுக்கு. ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். ஒரு கையால் உரிக்க முடியாதுன்னு வாசலில் நிக்கும்போதுதான் உறைச்சுது. என்ன ஜென்மம் நான்.

அக்கா மெலிஞ்சிருந்தாங்க. இடது கையால் காப்பி கொண்டாந்து வச்சாங்க. கம்பெனியிலிருந்து வந்தது நான் ஒருத்திதானாம்.

"ஒண்ணு கேட்கணும் தங்கச்சி. நீ கம்ப்யூட்டர் படிச்சவ. நான் மூணாவது மூடியைத் திறந்தேன். திறந்ததும் மெஷின் நிக்கிற சத்தம் கேட்டுச்சு. நுரையில் உள்ளே ஒண்ணும் தெரியல, நின்னுடுச்சுன்னுதான் கையை விட்டேன். இதைச் சொன்னா யாரும் நம்பல. எம் மகளே, வலியில் ஏதோ உளர்றீங்கம்மாங்கிறா. ஏதாவது சத்தம் கேட்டிருக்குமா, இல்லை எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சா?"

சத்தம் கேட்டிருக்கும். மெ.1 நின்ன சத்தம். நான் நிறுத்த வச்ச சத்தம். அக்கா கேட்கிற வரைக்கும் இது எனக்குத் தோணவே இல்லை. மெஷின் நிக்காததுதான் என் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கையை உள்ளே விடச் சொன்னதும் நான்தான்.

சொன்னேன். எல்லாத்தையும். திங்கக்கிழமை, சிவப்புக் கோடு, சின்னத் திருத்தம், மூணு கட்டம்.

அக்கா காப்பியை ஓரமாத் தள்ளி வச்சாங்க. "உனக்கு எப்போ தெரியும்?"

"மறுநாளே, க்கா."

உள்ளே போனாங்க. மகளோட நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கொண்டாந்து என் முன்னால் போட்டாங்க.

"எழுது. என்னால் முடியாது. அவங்க கேட்காததையும் எழுது."

ரெண்டரைப் பக்கம். பேர், தேதி, கையெழுத்து. அக்கா ஒவ்வொரு வரியா வாய்விட்டுப் படிச்சாங்க. காகிதத்தைக் கிழிச்சு ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டு, எழுந்து வாசக்கதவைத் திறந்து பிடிச்சாங்க.

போயிட்டு வான்னு சொல்லல.