காற்று திரும்பியது என்று நான் எழுதியது

இன்று காலை ஆபீஸ் ஜன்னலைத் திறந்ததும் புல் கருகிய வாசனை வந்தது. மாசி பிறந்துவிட்டது அல்லவா, கம்பத்து மலையில் எங்கோ தீ. புது ரேஞ்சர் நம் பக்கத்துப் பையன்தான். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் ரைட்டர்?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நீ இருந்தால் மோந்து பார்த்தே எந்தச் சரிவு, எந்தப் புல் என்று சொல்லியிருப்பாய். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வெள்ளைக்காரன் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, நீ போய் ஐந்து மாசம். பேனாவைக் கையில் எடுத்தால் உன்னிடம் பேசத்தான் தோன்றுகிறது.

நீ அனுமந்தன்பட்டியில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை, காட்டைக் காவல் காக்கிற காட்டிலாகா கார்டு. நான் வடுகபட்டிக்காரன், உத்தமபாளையம் ஆபீஸில் ரைட்டர், மலையேறச் சொன்னால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிற ஆள். "உங்களைத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு ரெண்டு மூட்டை புண்ணாக்கைச் சுமக்கலாம் ரைட்டரே, மாடாச்சும் திங்கும்" என்பாய். நமக்கு ஒரே வயதுதான். ஆனாலும் நான் உன்னை 'நீ' என்றேன், நீ கடைசி வரை என்னை 'நீங்க' என்றே சொன்னாய். மாற்றிக்கொள் என்று நானும் சொன்னதில்லை.

அந்தப் பங்குனித் தீ உனக்கு நினைவிருக்கும். மறுநாள் நீ ஆபீஸுக்குள் நுழைந்தபோது உன் முகத்தில் புருவம் இரண்டும் இல்லை. அவித்த பனங்கிழங்கை உரித்து வைத்த மாதிரி இருந்தாய். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ சொல்லச் சொல்லத்தான் அது நின்றது. சுருளிக்கு மேலே, ஆள் உயரப் புல்லுக்குள், நீயும் ஏழு வாச்சர்களும் பச்சைக் கொப்பை ஒடித்துத் தீயை அடித்துக்கொண்டிருந்தீர்கள். காற்று வலுத்து, தீ கீழேயிருந்து உங்களை நோக்கி ஏறியது. மேட்டில் ஓடினால் தீ முந்திவிடும். நீ மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, உங்களுக்கு மேற்புறம் இருந்த புல்லில் நீயே தீ வைத்தாய். அது மேல்நோக்கி எரிந்து போனது. கரிந்து கிடந்த அந்தத் தரைக்குள் எட்டுப் பேரும் போய்க் குப்புறப் படுத்தீர்கள். பின்னால் வந்த பெரிய தீ, எரிக்க அங்கே ஒன்றும் இல்லாமல், இரண்டு பக்கமும் விலகிப் போய்விட்டது.

"இது என்ன பெரிய வித்தையா? மலைமாட்டுக்காரக செய்யிறதுதான். மாட்டையும் கரிக்குள்ள ஓட்டிட்டுப் பேசாம நிப்பாக" என்றாய்.

ரிசர்வு காட்டில் தீ வைப்பது குற்றம். கார்டே வைத்தான் என்றால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. நான் யோசிக்கவில்லை. ரிப்போர்ட்டில், 'காற்று திடீரென்று திரும்பியது, ஆட்கள் நின்ற இடத்தைவிட்டு அசையாததால் பிழைத்தார்கள்' என்று எழுதினேன்.

"காத்து எங்க ரைட்டரே திரும்புச்சு?"

"பேசாமக் கையெழுத்தைப் போடு" என்றேன். போட்டாய். ஏழு வாச்சர்களும் வாயைத் திறக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வருஷம் கொடைக்கானலில் பல தேசத்துக் காட்டிலாகா துரைமார் கூடினார்கள். பர்மா, சிலோன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். காட்டுத்தீயை அடக்குவது எப்படி, அடக்கப் போகிறவன் உயிரோடு திரும்புவது எப்படி என்பதுதான் பேச்சு. நம் மேலதிகாரி துரைக்கு என் ரிப்போர்ட் மேல் அப்படி ஒரு மோகம். அதை வைத்து ஒரு கட்டுரை எழுதி, ஒரு விதியும் எழுதிவிட்டார். உன்னை மேடையில் காட்டவேண்டும், உன் பேச்சை இங்கிலீஷில் சொல்ல நான் வேண்டும்.

என் கோட்டை உனக்கு மாட்டிவிட்டேன், கை முழங்கைக்குக் கீழே இறங்கவில்லை. ஆபீஸில் கொடுத்த பூட்ஸோடு பஸ் ஏறியவன், "வெறுங்காலோட தீயில நின்னுருக்கேன், இதைப் போட்டுக்கிட்டுத் தரையில நிக்க முடியலே" என்றாய். வத்தலக்குண்டு தாண்டும் வரை உன்னைக் கேலி செய்துகொண்டே வந்தேன். அப்புறம்தான் நீ அந்த விதியைப் படித்துச் சொல்லச் சொன்னாய். தமிழில் சொன்னேன். தீ நெருங்கினால் ஆட்கள் இடத்தைவிட்டு அசையக்கூடாது, மலைச்சரிவில் காற்று திரும்பிவிடும்.

"இது அச்சாகி எல்லா ஊருக்கும் போகுமா?"

"பல தேசத்துக்கும் போகும்."

"அப்ப, காத்துத் திரும்பும்னு நின்னுக்கிட்டே எவனாச்சும் வெந்து சாவானே ரைட்டரே."

எனக்கு நான்கு பிள்ளைகள். பெரியவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். "நீ வாயைத் திறந்தா ரெண்டு பேர் வேலையும் போயிரும்" என்றேன். நீ மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

மண்டபத்தில் ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் எழுந்தார். முகமெல்லாம் வெயிலில் காய்ந்த மனிதர். காற்று திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார். நான் உன்னிடம் தமிழில் கேட்டேன்.

"காத்துத் திரும்பலே. நாந்தான் தீ வச்சேன்."

நான் நம் துரையைப் பார்த்தேன். "சொல்லுங்க ரைட்டரே" என்றாய், என்னவோ கடையில் சாமான் கேட்பதுபோல. சொன்னேன். அவ்வளவுதான், துரைமார் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நீ பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, மேசை விரிப்பை உருவித் தரையில் போட்டு, "இது புல்லு, இங்கன தீ, அங்கனருந்து காத்து, இது நாங்க" என்று காட்டினாய். பர்மாவிலிருந்து வந்தவர் உன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நம் துரை மட்டும் நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் ரிப்போர்ட்டில் காற்று என்று ஏன் இருக்கிறது? அதை உன்னிடம் தமிழில் கேட்கத் தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் உனக்குப் புரிந்துவிட்டது.

"நாந்தான் அப்படிச் சொன்னேன். ரைட்டரு நான் சொன்னதைத்தான் எழுதுனாக. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

அதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அந்த விதியை அன்றே கைவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த விதியில் நீ செய்ததுதான் இருக்கிறது. உன் பெயர் இல்லை. துரைமார் மெச்சிவிட்டதால் நீ தீ வைத்த குற்றம் மன்னிக்கப்பட்டது. பொய்த் தகவல் கொடுத்ததற்காக உன்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். உத்தரவை டைப் அடித்தது நான்.

"உள்ளதைப் போய்ச் சொல்லிர்றேன்" என்றேன்.

"சொல்லி? ரெண்டு வீட்டுல அடுப்பு அணையணுமா? எனக்குக் கொஞ்சம் நஞ்சை கெடக்கு. பேனாவை விட்டா உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தாய். நானும் சரி என்று விட்டேன். எவ்வளவு லேசாகச் சரி என்றேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அதன்பிறகும் தை மாசம் தவறாமல் பஸ்ஸில் மொச்சைக்காய் அனுப்பினாய். என் வீட்டில் எல்லாரும் ஆசையாகத் தின்றார்கள்.

நீ செத்துப்போன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது, துக்கம் கேட்க உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி காபி கொடுத்தாள். "அவுக யாரையும் லேசுல மெச்ச மாட்டாகண்ணே. 'ரைட்டரு ஒரு எழுத்துக்கூடப் பொய்யா எழுத மாட்டாக'ன்னு புள்ளைககிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றாள். உன் பெரிய மகன் தூணோரம் நின்று, "அப்பாதான் ஒரு பொய்யச் சொல்லி வேலையை விட்டுட்டாக" என்றான். வருத்தமாகத்தான் சொன்னான், கோபமாக இல்லை. நீ அவர்களிடம்கூடச் சொல்லவில்லை. நான், "ஆமா" என்று சொல்லிக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அந்த 'ஆமா'வை நினைக்காத நாள் இல்லை. எனக்குப் பென்ஷன் வர இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அனுமந்தன்பட்டிக்குப் போய் இந்த மடலை உன் பெரியவன் கையில் கொடுக்கப்போகிறேன். நீ வேண்டாம் என்பாய். இந்த ஒரு தடவை உன் பேச்சைக் கேட்கப்போவதில்லை.