சம்மாட்டியோடு முடிந்த கதை

மச்சான்,

இறந்தவர்களுக்கான நவம்பர் பூசைக்கு உன் பெயரைக் கொடுக்க ஊரில் உனக்கு ஆளில்லையே என்று இன்று காலை முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்றேன். வவுனியா நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண் கைப்பேசியில் சத்தமாகக் கதைத்தாள். "ஓம் அண்ணை, காணிக்காரரோட கதையை முடிச்சுப்போட்டுத்தான் வாறன். ஓமெண்டிட்டார்." அவ்வளவுதான். பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, அலுமாரியிலிருந்த உன் போட்டோக்கொப்பிக் கட்டை வெளியில் எடுத்தேன்.

அது வெள்ளைக்காரன் காலத்துக் கொலை வழக்கு. கொழும்புக்கு எத்தனையோ தடவை அலைந்து எடுத்தாய். சொந்தக் கரைவலையும் வேலையாட்களும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியைக் குத்திக் கொன்றதாக உன் பூட்டனைத் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கக் கொடுக்கும் துண்டில்கூட எழுதவில்லை. "ஒருக்கா வாசிச்சுச் சொல்லு மச்சான். அந்தாள் செய்யேல்லையெண்டா இந்த முறை நான் பெயர் குடுப்பன்" என்றாய். முப்பது வருடம் கோட்டில் வழக்குகளுக்கு மொழிபெயர்த்தவன் என்று என்னை நம்பி வந்தாய்.

போன நவம்பர் பூசைக்கு முன் என் குசினி மேசையில் விரித்து வைத்து வாசித்தேன். நீ தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி ஒரு மிடறும் குடிக்கவில்லை. அரசதரப்பின் சாட்சியம் முழுக்க நொண்டி. கத்தி உன் பூட்டனுடையதாம். அந்தக் கரையில் மீன் வெட்டும் கத்தி எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரித்தானே? சாரத்தில் இரத்தம், சுறா அறுத்த இரத்தம் என்றிருக்கிறார் அவர். குத்தியதைக் கண்டவர் எவருமில்லை. எந்த நாள் யார் வலை வளைப்பது என்ற முறை பற்றிப் பேச அவர் சம்மாட்டியின் வாடிக்கு, கரையிலிருந்த கொட்டிலுக்கு, போனதை மட்டும் இரண்டு பேர் கண்டிருக்கிறார்கள். "பாத்தியே!" என்று கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாய்.

கடைசிப் பக்கத்தில் அவருடைய வாக்குமூலம், ஆங்கிலத்தில் ஒரே வரி. அதை அப்படியே தமிழில் சொன்னேன்: "அவரை முடிச்சுப்போட்டுத்தான் வந்தனான்."

தேத்தண்ணியை மேசையில் வைத்தாய். பிறகு, "ஒத்துக்கொண்டிருக்கிறார், என்ன?" என்று கேட்டாய்.

"ஓம்" என்றேன்.

சட்டைப் பைக்குள் ஆயத்தமாக எழுதி வைத்திருந்த துண்டை எடுத்துக் கிழித்தாய். "கட்டை நீயே வைச்சிரு. வீட்டில வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாய்.

போன ஆடியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "எங்கட ரத்தத்தில கொலை இருக்கு மச்சான்" என்று சிரித்தாய். நான் பேச்சை மாற்றினேன். அந்தச் சிரிப்போடுதான் நீ போனாய்.

இன்று அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் பூட்டன் சொன்ன சொல் ஒன்றை யாரோ ஆங்கில எழுத்தில் குறித்திருக்கிறார்கள்: 'கதை'. அன்றும் அது அங்கேதான் இருந்தது. மங்கல் எழுத்து என்று தாண்டிப் போயிருக்கிறேன், மடையன்.

"சம்மாட்டியோட கதையை முடிச்சுப்போட்டுத்தான் வந்தனான்." மனிசன் இதைத்தான் சொல்லியிருக்கிறார். பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டு வந்தேன் என்று. வழக்கில் மொழிபெயர்த்தவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று முதற்பக்கத்திலேயே இருக்கிறது. அவருக்குக் கதையை முடிப்பதென்றால் ஆளை முடிப்பது. அவரையாவது மன்னிக்கலாம். நான் வன்னியில் பிறந்து, விடிந்தால் பொழுதுபட்டால் கதைத்துக்கொண்டே திரிகிறவன். அவர் செய்யவில்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன் மச்சான். ஆனால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதை உன்னிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் இருந்தது, நீ உயிரோடு இருந்த எட்டு மாதம்.

பின்னேர பஸ்ஸில் முல்லைத்தீவுக்கு வந்தேன். பங்குக் கோயில் வாசலில் சுவாமி பெயர்த் துண்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார். உன் பெயரை எழுதினேன். அதற்கு மேலே உன் பூட்டனின் பெயரை, சவிரிமுத்து என்று எழுதினேன். எழுத்துப் பிசகாமல் இரண்டு தரம் சரிபார்த்துத்தான் கொடுத்தேன்.

"இவர் ஆர் ஐயா? எப்பிடிச் செத்தவர்?" என்று சுவாமி கேட்டார்.

"இவரை ரெண்டு தரம் தூக்கில போட்டது சுவாமி" என்றேன். "ரெண்டாம் தரம் போட்டது நான்."