கூரையில் தொங்கும் பத்தொன்பது

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போன இடத்தில் ஐஸ் ஹொக்கி உண்டோ தெரியாது. போன கிழமை, சட்டை இலக்கத்தை வைத்து நாங்கள் பத்தொன்பது என்றே சொல்லும் ஆட்டக்காரரின் சாதனை உடைந்துவிட்டது. ஒரே பருவத்தில் அதிக கோல் அடித்தவர் எங்கள் அணியில் இனி அவர் இல்லை. "அதை உடைக்க இனி ஒருத்தன் பிறந்துதான் வரோணும்" என்பீர்களே, வந்துவிட்டான். அவனுக்கு ஒழுங்காகத் தாடிகூட முளைக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒருவன் பிறந்திருக்கிறான், நீங்கள் காணாத பேரன். அவனுக்கு இன்னும் பெயர் இல்லை. வரும் திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் தேர்மின், நேரம் குறித்துத் தந்திருக்கிறார்கள். உங்கள் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். நான் மதில்மேல் பூனை. எல்லாம் நீங்கள் பழக்கிய ஹொக்கியால் வந்த வினை.

ஜேர்மனிக்கு வந்த புதிதில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஹம் நகரில் ரயில் ஏறி இருவரும் முதன்முதலாக அந்த அரங்குக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அன்றுதான் பத்தொன்பதாம் இலக்கச் சட்டையைக் கூரைக்கு ஏற்றினார்கள். எல்லோரும் எழுந்து நிற்க, நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். "பாவம். எப்ப செத்துப்போனவராம் எண்டு கேள் பிள்ளை." பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் முன்னால் கையைக் காட்டினார். பத்தொன்பது எங்களுக்கு முன்வரிசையில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அந்த இலக்கத்தை இனி யாரும் போட மாட்டார்கள், இங்கே அதுதான் மரியாதை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதை உங்களுக்குச் சொன்னேன். "உயிரோட இருக்கிற மனிசனை ஏன் தூக்கிவிட்டிருக்கினம்?" என்று ரயில் முழுக்கப் புறுபுறுத்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை.

எங்களிடம் மரியாதை வேறு மாதிரி. போனவரின் பெயரைப் பேரனுக்கு வைப்போம். எது சரி அப்பா? உங்கள் பெயரை வைத்துவிட்டு, அவன் பாலைத் தட்டி ஊற்றும்போது எப்படி ஏசுவது? வைக்காவிட்டால் அந்தப் பெயர் என்னோடு நின்றுவிடும். மகனுக்குக் குடும்பப் பெயர் தகப்பன் வழியில்தான் போகிறது.

சாதனை உடைந்தபோது முதலில் எழுந்து கைதட்டியவர் பத்தொன்பதுதான். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இடைவேளையில் அவரிடம் போய் நீங்கள் காலமான செய்தியைச் சொன்னேன். தொப்பி கழற்றியவரை அவர் மறக்கவில்லை. சாதனை போனது கவலை இல்லையா என்று கேட்டேன்.

"அது போகட்டும். என் பேத்தி இங்கே சிறுவர் அணியில் விளையாடுகிறாள். பத்தொன்பதைக் கேட்டாள், கழகம் மறுத்துவிட்டது. இப்போது அதையே திருப்பித் தொண்ணூற்றொன்று போட்டு விளையாடுகிறாள்" என்றார். பெருமைப்படுகிறாரா வருத்தப்படுகிறாரா என்று பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

நேற்று அலுமாரியில் என் சின்ன ஹொக்கிச் சட்டை அகப்பட்டது. அன்றைக்கு நீங்கள் வாங்கித் தந்தது. முதுகில் குடும்பப் பெயர் அச்சடித்திருந்தது, கதிரவேல். அகதியாக வந்த இடத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது, உங்கள் பெயரைத்தானே எனக்கு எழுதிக் கொடுத்தீர்கள். பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பிள்ளையைத் தோளில் போட்டபடி அம்மா எட்டிப் பார்த்தார். "இவ்வளவு காலமும் நீ அந்தப் பேரைத்தானே போட்டுக்கொண்டு திரியிறாய். பிறகென்ன யோசனை?"

சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது அப்பா.

திங்கட்கிழமை உங்கள் பெயரை எழுதிக் கொடுப்பேன். சரியோ பிழையோ, இன்னும் தெரியாது. ஏசும்போது தம்பி என்று சமாளிக்கலாம். ஆனால் அவன் முதன்முதலில் ஐஸில் விழுந்து எழும்பும் நாளில், அந்தக் கூரை கேட்கக் கதிரவேல் என்று கூப்பிடுவேன். அப்போது நீங்களும் திரும்பிப் பாருங்கோ.

இன்னும் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு திரியும்
உங்கள் மூத்தவள்,
துஷாந்தி கதிரவேல்