ஒற்றைக் கார்டு கேமரா

6 அக்., திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேமராவும் போய்விட்டது. ஷட்டர் பாதியில் நிற்கிறது, எடுக்கிற படத்தில் எல்லாம் கறுப்புப் பட்டை. சின்னமனூர் ரிப்பேர்க்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிப்புடலாம்க்கா" என்றார். திறந்துகூடப் பார்க்கவில்லை. நானும் சொல்லியிருப்பேன் அதை, கடை போடாமலே.

லென்ஸ்கள் நன்றாக இருக்கின்றன. பாடி மட்டும் வாங்கினால் போதும். ஞாயிறு உத்தமபாளையத்தில் சபுரா அக்கா வீட்டுக் கல்யாணம், இளைய மகள் ரிஸ்வானா. பெண்கள் பக்கம் முழுக்கப் படம் எடுப்பது நான்தான்.

சாயங்காலம் ஹனிபா அண்ணன் வந்தார். உரக்கடை வைத்திருக்கிறார். யூடியூபில் கேமரா பார்க்கிறார். ஆகவே நிபுணர்.
"மெகாபிக்சல்தான்மா முக்கியம். மத்ததெல்லாம் சும்மா."
இவர் எடுத்த எந்தப் படத்திலும் ஓரத்தில் இவர் விரல் இல்லாமல் இருந்ததில்லை.

பல்லி மருந்து வாங்க வேண்டும்.

7 அக்., செவ்வாய்
தேனி. அண்ணனும் வந்தார், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கடையில் நின்றது பையன் இல்லை, ஆள். தாடி, வாசனை, கழுத்தில் அடையாள அட்டை. நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னான்.
"பறக்கிற பறவையோட கண்ணைக்கூடக் கவ்விப் பிடிச்சுரும் சார்."
நான் போகிற கல்யாணங்களில் பறவை தட்டில்தான் வரும். கண் இருக்காது.
"செகண்டுக்கு நாப்பது படம் சார்."
நிக்காஹ் நடக்கும்போது யாரும் ஓடுவதில்லை. ஓடினால் அதை நான் எடுக்க மாட்டேன்.
"நான்தாங்க வாங்குறேன்" என்றேன்.
"ஓ, மேடத்துக்கா? வெள்ளை கலர்ல ஒன்னு இருக்கு, கையடக்கமா."
அண்ணன் அந்த வெள்ளையைக் கையில் வாங்கி எடை பார்த்தார், தேங்காய் பார்ப்பது மாதிரி. நான் வெளியே வந்து ஒரு ஜிகர்தண்டா குடித்தேன். அதுவும் சரியில்லை.

8 அக்., புதன்
ராத்திரி ஒரு மணி நேரம் விமர்சன வீடியோக்கள். எல்லாரும் ஒரே பூந்தொட்டியைத்தான் படமெடுக்கிறார்கள். கட்டிடம், நாய், பூந்தொட்டி. டியூப் லைட்டுக்குக் கீழே ஜரிகைச் சேலையில் உட்கார்ந்திருக்கிற நாற்பது பெண்களை ஃபிளாஷ் இல்லாமல் எடுத்துக் காட்ட ஒருத்தனுக்கும் துப்பில்லை.

எனக்கு வேண்டியது:
சத்தம் வரக் கூடாது. துஆ ஓதும்போது டக் டக் என்றால் ஓத வந்த ஆலிமா நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.
இருட்டில் எடுக்க வேண்டும்.
பின்பக்கத் திரை பெரிசு. எடுத்த உடனே "காட்டு, காட்டு" என்று எட்டுத் தலை விழும்.
எடை. என் மணிக்கட்டுக்கு வயசாகிறது.
பேட்டரி, பிரியாணி முடியும் வரை.
படம் பதிகிற கார்டு ஒன்று. ஒன்றே ஒன்று.

இந்தக் கடைசி விஷயம்தான் எவனுக்கும் புரியாது. போட்டோக்காரர்கள் குழுவில் கேட்டுத் தொலைத்தேன். தேனியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற முருகேசன் குரல் பதிவு அனுப்பினார்: "ஒரே ஸ்லாட் கேமராவைத் தொழில் தெரிஞ்சவன் தொடமாட்டான்க்கா. ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல பதியணும். ஒன்னு போனா ஒன்னு." கீழே பதினைந்து கட்டைவிரல்.

இவர்கள் எடுப்பது ஆண்கள் பக்கம். மேடை, மாலை, கைகுலுக்கல், கட்சிக்காரர். அது தொலைந்தால் என்ன, இருந்தால் என்ன. எங்கள் பக்கம் கதவைச் சாத்தினதும் முக்காடு போகும், பாட்டு வரும், ஆட்டம் வரும். அதையெல்லாம் எடுக்க விடுகிறார்கள் என்றால் ஒரே காரணம்தான். எல்லாம் முடிந்து, நான் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், கார்டைக் கழற்றிப் பெண்ணைப் பெற்றவள் கையில் வைத்துவிடுவேன். என்னிடம் நகல் இருக்காது. ஆல்பம் வேலையும் அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் கண் முன்னால், முடிந்ததும் கார்டு மறுபடி அவர்கள் கைக்கு. என் மடிக்கணினியைத் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். கூடலூரிலிருந்து தேவதானப்பட்டி வரை என்னைக் கூப்பிடுவது இதற்காக. படம் பிரமாதம் என்பதற்காக இல்லை. அதில் எனக்கு மயக்கம் கிடையாது.

9 அக்., வியாழன்
முருகேசன் போன். "அவசரப்பட்டு வாங்காதீங்க. ஞாயித்துக்கெழமைக்கு என்னோடதை எடுத்துட்டுப் போங்க. பிடிச்சா அதே மாடல் வாங்குங்க." நல்ல மனசுதான். நல்ல மனசும் ஓயாத வாயும்.

போய் வாங்கி வந்தேன், பேட்டரியை முழுசாக ஏற்றியே கொடுத்திருந்தார். வீட்டில் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். கார்டு போட ஒரே ஒரு இடம்! ஊருக்கெல்லாம் ரெண்டு ஸ்லாட் பாடம் எடுக்கிற மனுஷன் சொந்தமாக வைத்திருப்பது ஒற்றை ஸ்லாட். வாய்விட்டுச் சிரித்தேன். போன் போட்டுக் கேட்டுக் கிழிக்கலாமா என்று நினைத்து, கேமரா திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு ஒத்திவைத்தேன்.

12 அக்., ஞாயிறு
கால் வலி. ஆனாலும் எழுத வேண்டும்.

கேமரா அருமை. சத்தமே இல்லை. ஆலிமா திரும்பவே இல்லை. திரையில் ரிஸ்வானாவின் மருதாணி அவ்வளவு சிவப்பு.

சபுரா அக்காவின் புருஷன் இறந்தபோது ரிஸ்வானா தவழ்கிற பிள்ளை. மூத்தவள் கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். அன்றைக்கு அக்கா முழு நேரமும் சமையல் பந்தலில். ஒரு படத்தில்கூட இல்லை. இன்றைக்கு ரிஸ்வானா விடவில்லை. கையைப் பிடித்து நடுக்கூடத்துக்கு இழுத்து வந்து, தன் தலையிலிருந்து பூவைக் கிள்ளி அம்மா தலையில் வைத்துவிட்டாள். "ஏய், விடு புள்ள, எல்லாரும் பாக்குறாக" என்று அக்கா சொல்லச் சொல்ல ஒரே கைதட்டு. அப்புறம் சிரித்தார். முக்காடு நழுவி, வாய் முழுக்கத் திறந்து, பல் விழுந்த இடம் தெரிய. எடுத்துவிட்டேன்.

கார்டைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு, "நகையோட வச்சிர்றேன்" என்றார். பிறகு பிரியாணி. கத்திரிக்காய்ப் பச்சடியில் புளி அதிகம்.

14 அக்., செவ்வாய்
சபுரா அக்கா போன். அழுகை. முதலில் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்துவிட்டேன்.
"கார்டு ஒடஞ்சு போச்சு ஜரீனா. நகைப்பெட்டி மூடி இடிச்சு ரெண்டாப் போச்சு."
பெட்டி நிறைய வளையலைத் திணித்து, அதற்கு மேல் அதை வைத்து, அழுத்தி மூடியிருக்கிறார். பத்திரமாம். இரும்புச் சங்கிலியும் போட்டிருக்கலாம்.
"ரிஸ்வானா குமுளிக்குப் போயிட்டா. மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் படம் எங்கன்னு கேக்குறாக. ஒங்கிட்ட ஒன்னு இருக்கும்ல?"
"எங்கிட்ட என்னைக்கு அக்கா இருந்திருக்கு? அல்லா சாட்சியா இல்ல."
"அதுவும் சரிதான். நீ வச்சிருக்க மாட்ட" என்று வைத்துவிட்டார்.

நல்ல பெயர் எனக்கு. படம் அவருக்கு இல்லை. எரிச்சலாக இருந்தது, அவர் மேலா என் மேலா தெரியவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை.

15 அக்., புதன்
மழை விட்டது. கேமராவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பையில் வைத்தேன். பேட்டரியைத் தனியாக எடுக்க அடி மூடியைத் திறந்தால், பேட்டரிக்குப் பக்கத்தில் நகத்தளவு ஒரு கார்டு. போனில் போடுவது மாதிரி.

முருகேசனுக்குப் போட்டேன்.
"ஆமாக்கா, ரெண்டாவது ஸ்லாட் அடியில இருக்கு. மேல பதியப் பதிய அதுவும் தன்னால காப்பி எடுத்துக்கிரும். அதான அதோட அருமை! ஏன்க்கா, சொல்லலையா நானு?"
சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன்.

மடிக்கணினியில் போட்டேன். எல்லாம் இருக்கிறது. ஆட்டம், முக்காடு இல்லாத தலைகள், பால் கொடுத்துக்கொண்டே கை தட்டுகிற ஒரு கைப்பிள்ளைக்காரி. பேட்டரியைக் கழற்றாமல் கொடுத்திருந்தால் அத்தனையும் தேனி ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும். பயம் என்றால் இதுதான் பயம்.

கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். ஒரு வெட்டு. யாருக்கும் தெரியாது. நேற்று இல்லை என்று சொன்னது இன்றைக்கு உண்மையாகிவிடும். வெட்டுவதற்கு முன் சபுரா அக்காவின் சிரிப்பை ஒரு தடவை பார்த்தேன். அதுதான் தப்பு. வெட்ட முடியவில்லை.

கொடுத்தால் நேற்று பொய் சொன்னவள் ஆவேன். கொடுக்காவிட்டால் நாளைக்கும் யோக்கியமானவள். இப்படி ஒரு யோக்கியம் யாருக்கு வேண்டும்?

கத்தரிக்கோல் அடுப்படிக்குத் திரும்பியது. மீன் சுத்தம் செய்ய.

16 அக்., வியாழன்
உத்தமபாளையம். பஸ்ஸில் ஒருத்தன் வழி முழுக்கப் போனில் சத்தமாக ஏலக்காய் விலை.

சபுரா அக்கா வீட்டில் பக்கத்து வீட்டு ஜன்னத்தும் இருந்தார். அவரும் ஞாயிறு ஆடியவர். நடந்ததைச் சொன்னேன்: இரவல் கேமரா, அடி மூடி, எனக்கே நேற்றுதான் தெரியும். சொல்லச் சொல்ல என் காதுக்கே கதை மாதிரி இருந்தது.

அக்கா அதைக் கேட்கவே இல்லை. படங்களைப் பார்த்தார். தன் படம் வந்ததும் திரையில் விரலை வைத்து, "இது நானா? நானாடி இது?" என்றார். அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டே அழுதார். ஒரு நிமிஷம், கொண்டு வந்தது சரி என்று முழுசாக நம்பினேன். அவர் கண் முன்னால் என் கணினியைத் துடைத்து, குட்டிக் கார்டை அவர் கையில் வைத்தேன்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப ஆசையாகக் கேட்டார்:
"அப்ப மூத்தவ கல்யாணப் படமும் ஒங்கிட்ட இருக்கும்ல ஜரீனா?"

"இல்லக்கா. அந்தக் கேமராவுல ஒரு கார்டுதான். சத்தியமா இல்ல."
"சரி, சரி. டீ ஆறுது, குடி."
கோபமே இல்லை அவர் குரலில். இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஜன்னத் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள், மூன்று பெண்கள் மட்டும் இருக்கிற இடத்தில்.

19 அக்., ஞாயிறு
தேனி. இந்தத் தடவை தனியாக. முருகேசன் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஒற்றை ஸ்லாட் பாடி, சத்தமில்லாதது, இருட்டில் நன்றாக எடுப்பது. அடி மூடி, பக்க மூடி, ரப்பர் மூடி எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொன்னேன். தாடிக்காரன் பொறுமையாகத் திறந்தான்.
"இன்னைக்கு யாருமே ஒரு ஸ்லாட் வாங்குறதில்ல மேடம். பின்னாடி வருத்தப்படுவீங்க."
"பில்லைப் போடுங்க."
முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினான். பேசியது அது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கம்பத்திலிருந்து மைமூன் அக்கா போன், ஜன்னத்துக்குச் சொந்தம். அடுத்த மாதம் அவர் மகள் கல்யாணம். போன மாதமே என்னிடம் சொல்லி வைத்தது.
"வாங்கிட்டேன்க்கா புதுசு" என்றேன், அவர் கேட்பதற்கு முன்னாலேயே. "ஒரே கார்டுதான் போட முடியும். வேணும்னா முன்னாடியே கொண்டாந்து காட்டுறேன்."
"அதுக்கில்லம்மா. புள்ளைக எல்லாம் போன்லயே எடுத்துக்கிறோம்ங்குதுக. நீ எதுவும் தூக்கிட்டு வராத. சாப்பிட மட்டும் கட்டாயம் வந்துரு."